தணலி: இல்லாத ஒரு மூலிகைச் செடியை உருவாக்குவது எப்படி?

மாய உலகக் கதைகளில் மூலிகைக்கு என்று நிரந்தரமாக ஒரு பாத்திரம் உண்டு. நாயகன் மேல் விஷ அம்பு பாய்ந்திருக்கும். ஒரு முதியவர் வந்து, வடக்கே ஏழு மலை தாண்டி ஒரு செடி இருக்கிறது என்பார். போவார்கள். நிலா வெளிச்சத்தில் அது வெள்ளி நிறத்தில் மின்னிக்கொண்டிருக்கும். இலையைக் கசக்கிச் சாறு பிழிந்ததும் நாயகன் எழுந்து உட்கார்ந்துவிடுவான். அதோடு செடியின் கதை முடிந்தது. இவ்வளவு அற்புதமான மருந்து இருக்கிற நாட்டில் குழந்தைகள் ஏன் காய்ச்சலில் சாகிறார்கள்? அந்த மலையை ஏன் எந்த அரசனும் வளைத்துப்போடவில்லை? ஆடுகள் ஏன் அதை இன்னும் மேய்ந்து தீர்க்கவில்லை? இதெல்லாம் கேட்கக் கூடாத கேள்விகள்.

கேட்டுப் பார்ப்போம். கூடவே ஒரு செடியையும் உருவாக்கிப் பார்ப்போம். பெயர் தணலி. இடுப்பளவு உயரம் வளரும் பூப்புதர். டிராகன்கள் திரியும் மலைச்சரிவுகளில் வளர்வது. தீப்புண்ணின் வேதனையை மரத்துப்போகச் செய்வது. இப்போதைக்கு இவ்வளவு போதும். மீதியை நாம் இட்டுக்கட்ட வேண்டியதில்லை. சரியான இடத்தில் தொடங்கினால் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தானே வரும்.

இந்த விஷயத்தில் பழைய கதைகள் நம்மைவிடக் கெட்டி. வால்மீகி ராமாயணத்தில் அனுமன் தேடிப்போவது ஒரே ஒரு சர்வரோக நிவாரணியை அல்ல, நான்கு மூலிகைகளை. இறந்தவரை எழுப்ப ஒன்று, உடலில் தைத்த ஆயுதத்தின் வேதனையைப் போக்க ஒன்று, பிளந்ததை ஒட்டவைக்க ஒன்று, போன நிறத்தைத் திரும்பக் கொண்டுவர ஒன்று. ஆளுக்கொரு வேலை. அதைவிட முக்கியம், பறிக்க ஒருவன் வருகிறான் என்று தெரிந்ததும் அந்த மூலிகைகள் மறைந்துகொள்கின்றன. எது எங்கே என்று தெரியாமல்தான் அனுமன் சிகரத்தையே பெயர்த்தெடுக்கிறான். செடிக்கும் ஒரு பிடிவாதம் இருக்கிறது பாருங்கள். இந்த மறைந்துகொள்ளும் சங்கதிக்குப் பிறகு வருவோம். அது முழுக்கக் கற்பனை இல்லை.

முதலில் எதிரி யார்?

எந்தச் செடியும் மனிதனைக் குணப்படுத்த வேண்டும் என்று மருந்து தயாரிப்பதில்லை. அது தயாரிப்பது பெரும்பாலும் நஞ்சு. எழுந்து ஓட முடியாத உயிர் அது. கடிக்க வருகிறவனைத் தடுக்க அதனிடம் இருப்பது முள்ளும் ரசாயனமும்தான். கண்டதையெல்லாம் மேயும் ஆடு ஆடாதோடைப் புதரை மட்டும் விட்டுவிட்டுப் போகும், அவ்வளவு கசப்பு. அந்தக் கசப்பில் இருக்கும் வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாக வைத்துத்தான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்து உருவானது. காப்பிச் செடியின் காஃபின், புகையிலையின் நிகோடின், கோகா புதரின் கோகெய்ன் எல்லாமே முதலில் பூச்சிகளுக்கு எதிரான ஆயுதங்கள்.

பூச்சிக்கு வைத்த நஞ்சு நம்மிடம் ஏன் வேலை செய்கிறது? உள்ளே இருக்கும் சாமான்கள் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால். நரம்பில் செய்தி ஓடுவதற்கு சோடியம் அணுக்கள் உள்ளே புகும் ஒரு வாசல் வேண்டும். அது புழுவிடமும் உண்டு, ஆட்டிடமும் உண்டு, அரசனிடமும் உண்டு. செல்லுக்குள் சேரும் சோடியத்தை வெளியே தள்ள ஒரு பம்ப் வேண்டும். அதுவும் எல்லோரிடமும் உண்டு. எருக்கும் அதன் உறவுச் செடிகளும் பாலில் வைத்திருக்கும் நஞ்சு இந்தப் பம்ப்பைத்தான் அடைக்கிறது. ஐரோப்பாவின் ஃபாக்ஸ்குளோவ் செடியிலிருந்து கிடைக்கும் இதய மருந்து டிஜாக்சின் அடைப்பதும் அதே பம்ப்பை. கொஞ்சம் அடைத்தால் சோர்ந்த இதயம் பலமாகத் துடிக்கும். இன்னும் கொஞ்சம் அடைத்தால் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகும்.

அதனால் கற்பனை மூலிகை ஒன்றை எழுதப்போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது எந்த நோயைத் தீர்க்கும் என்பதல்ல. இதைத் தின்ன வருவது யார் என்பதுதான். என் பார்வையில், இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் செடியின் பாதி வேலை முடிந்தது.

தணலியைத் தின்ன வருவது கல்லாடு. பாறைச்சரிவில் தாவி ஏறும் ஒரு கற்பனை விலங்கு என்று வைத்துக்கொள்வோம். நெருப்பு எரிந்து ஓய்ந்த சரிவில் முதலில் பச்சைவிடுவது தணலிதான் என்பதால், பசியோடு வரும் கல்லாட்டுக் கூட்டம் நேராக அதன் மேல்தான் விழும். அந்த இக்கட்டில் தணலி கண்டுபிடித்த வழி, கடித்த வாயை மரத்துப்போகச் செய்வது. நாக்கு எங்கே இருக்கிறது என்றே ஆட்டுக்குத் தெரியாது. அசைபோட முடியாது, எச்சில் ஒழுகும், தன் நாக்கைத் தானே கடித்துக்கொள்ளும். ஒருமுறை பட்ட ஆடு மறுமுறை அந்தப் பக்கம் போகாது. கொல்லாமலே காரியம் முடிந்தது.

இது ஆகாத கற்பனை இல்லை. கோகா இலையை மென்றால் வாய் மரக்கும். 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் மருத்துவர் அதே கோகெய்ன் கரைசலைக் கண்ணில் விட்டு வலியில்லாமல் கண் அறுவை செய்யலாம் என்று காட்டினார். இன்றைக்குப் பல் பிடுங்கும்போது ஊசியாகப் போடப்படும் மருந்துகள் அந்த வழியில் பின்னால் செயற்கையாக உருவாக்கப்பட்டவை. எல்லாம் செய்வது ஒன்றே: நரம்பின் சோடியம் வாசலை அடைப்பது. தணலி அடைப்பதும் அதைத்தான் என்று வைத்துக்கொண்டால், நம் செடிக்கு ஒரு முதுகெலும்பு கிடைத்துவிட்டது.

எதிரி என்று வந்துவிட்டால், எதிரியை ஜெயித்த எதிரியும் இருப்பான். எருக்கின் உறவுச் செடிகளைத் தின்றே வளரும் மொனார்க் பட்டாம்பூச்சியின் புழுவுக்கு அந்த நஞ்சு ஏறுவதில்லை. அதன் பம்ப்பின் அமைப்பே சற்று மாறியிருக்கிறது. அந்த மாற்றங்களில் மூன்றைப் பழ ஈயின் மரபணுவில் செய்து பார்த்தபோது அதுவும் நஞ்சைத் தாங்கியது. இந்தச் சோதனை முடிவு வெளியானது 2019-இல். மொனார்க் தாங்குவதோடு நிற்பதில்லை, தின்ற நஞ்சைத் தன் உடம்பிலேயே சேர்த்துவைத்துப் பறவைகளிடமிருந்து தப்பிக்கிறது. தணலியைத் தின்னும் ஒரு புழுவும் அப்படி இருக்கலாம். அந்தப் புழுவின் உடம்பில் இலையைவிட அடர்த்தியாக மருந்து இருக்கும். இலை கிடைக்காத பருவத்தில் மருத்துவர்கள் அதைத் தேடிப்போவார்கள், கொலைகாரர்களும் தேடிப்போவார்கள்.

நெருப்பில் பிறக்கும் செடி

டிராகன் இருக்கும் நாட்டில் தீ ஒரு விபத்து அல்ல, பருவநிலை. ஏதோ ஒரு கணக்கில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சரிவு எரியும். அங்கே வாழும் செடி அதற்கேற்ப மாறித்தான் ஆக வேண்டும். நம் உலகத்திலேயே தீ அடிக்கடி வரும் புதர்க்காடுகளில் இதற்கு நிறைய முன்னுதாரணம் உண்டு. சில புதர்கள் மண்ணுக்குள் கட்டை மாதிரி ஒரு அடிப்பாகத்தில் சத்தைச் சேர்த்துவைத்து, மேலே எல்லாம் எரிந்த பிறகு அதிலிருந்து துளிர்க்கும். சில செடிகளின் விதைகள் புகை படாமல் முளைக்கவே முளைக்காது. எரிந்த தாவரப் பொருளிலிருந்து வரும் எந்தச் சேர்மம் விதையை எழுப்புகிறது என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2004-இல் பிரித்துக் காட்டினார்கள். தென்னாப்பிரிக்காவில் நெருப்பு லில்லி என்று ஒன்று இருக்கிறது. தீ வந்துபோன சில நாளிலேயே கருகிய தரையில் சிவப்பாகப் பூத்து நிற்கும்.

தணலிக்கு இதில் இரண்டை எடுத்துக்கொள்வோம். அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும், ஆனால் தீ பட்ட ஆண்டில் மட்டுமே பூக்கும். மற்ற ஆண்டுகளில் அது சாம்பல் பச்சை நிறத்தில், யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு புதர். தீ வந்துபோனால் கிளை நுனிதோறும் கொத்துக்கொத்தாக மொட்டு விடும். மொட்டு தணல் நிறம். நுனி கருஞ்சிவப்பு, அடிப்பாகம் செம்மஞ்சள். விரல் நகத்தளவுதான் இருக்கும், தொட்டால் பிசுபிசுக்கும். கிள்ளினால் வரும் பால் முதலில் வெள்ளையாக இருந்து, பத்து மூச்சு விடுவதற்குள் பழுப்பாகும். மலர்ந்தபின் பூ நீலம். தேனீக்களின் கண்ணுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, நீலம் நன்றாகத் தெரியும் என்பதால் இந்த நிறமாற்றத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. மொட்டாக இருக்கும்வரை யாரும் வர வேண்டாம், மலர்ந்த பிறகு தேனீ மட்டும் வந்தால் போதும்.

பூந்தேனில் நஞ்சு இருக்குமா? கொஞ்சம் இருக்கும், இருக்கட்டும். காப்பிப் பூவின் தேனிலும் நாரத்தைக் குடும்பப் பூக்களின் தேனிலும் மிகக் குறைந்த அளவில் காஃபின் இருப்பதையும், அதைக் குடித்த தேனீ அந்தப் பூவின் வாசனையை மறக்காமல் வைத்துக்கொள்வதையும் 2013-இல் வெளியான ஒரு ஆய்வு காட்டியது. கசப்பு தெரியாத அளவு, நினைவில் நிற்கும் அளவு. ஆனால் தேனீக்கு ஒத்துக்கொள்வது மனிதனுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. கி.மு. 401-இல் கருங்கடல் கரை வழியாக ஊர் திரும்பிய கிரேக்கப் படை, அந்தப் பக்கத்துத் தேனடைகளைத் தின்று கூட்டமாகச் சுருண்டு விழுந்ததைத் தளபதி செனஃபோன் எழுதிவைத்திருக்கிறார். காரணம் ரோடோடெண்ட்ரான் புதர்களின் பூந்தேன் என்பது பின்னால் தெரிந்தது. தணலி பூத்த ஆண்டின் மலைத்தேனை யாரும் தொடக் கூடாது என்று ஊரில் ஒரு கட்டுப்பாடு இருக்கலாம். அந்தக் கட்டுப்பாடு தெரியாத வெளியூர்ப் படை ஒன்று வந்து இறங்கலாம். கதைக்கு ஒரு முழு அத்தியாயம் இங்கேயே கிடைக்கிறது.

மந்திரத்துக்கு இடமே இல்லையா என்று கேட்டால், உண்டு. ஆனால் மந்திரத்தையும் இதே கணக்கில்தான் சேர்க்க வேண்டும் என்பேன். அந்த உலகத்தில் மந்திரம் ஒரு இயற்கைச் சக்தி என்றால், செடி அதற்கும் பழகியிருக்கும், அதையும் ஆயுதமாக்கியிருக்கும். "மந்திரச் செடி, அதனால் குணமாகிறது" என்று எழுதினால் ஒன்றையும் விளக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

எவ்வளவு, எந்தப் பாகம், எப்படி

கற்பனை மூலிகைகளில் பெரும்பாலும் காணாமல் போவது அளவு. ஒரு கைப்பிடி இலை, ஒரு மிடறு கஷாயம், வேலை முடிந்தது. உண்மையில் மூலிகை மருத்துவத்தின் கஷ்டமே அங்கேதான் தொடங்குகிறது. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங், உடம்பில் நீர் கோத்து வீங்குவதற்கு ஒரு மூதாட்டி கொடுத்துவந்த குடும்ப மருந்தைப் பற்றி 1775-இல் கேள்விப்பட்டார். அதில் 20 மூலிகைகளுக்கு மேல் இருந்தன. அவற்றில் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ்தான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் எவ்வளவு கொடுப்பது என்பதை முடிவு செய்ய அவர் பத்து ஆண்டுகள் நோயாளிகளைக் கவனித்துக் குறிப்பெடுத்தார். 1785-இல் அவர் வெளியிட்ட வழிமுறை எளிமையானது: சிறுநீரகத்திலோ வயிற்றிலோ நாடியிலோ குடலிலோ மருந்தின் முதல் அறிகுறி தெரிந்ததும் நிறுத்திவிடு. மருந்தின் அளவை நோயாளியின் உடம்பே சொல்லும் என்பதுதான் அவர் முறை.

ஒரே செடியில்கூட வீரியம் ஒரே மாதிரி இருக்காது. தேயிலையிலும் காப்பியிலும் இளந்தளிரில்தான் காஃபின் அதிகம், ஏனென்றால் செடிக்கு அதிகம் பாதுகாக்க வேண்டியிருப்பது அதைத்தான். காட்டுப் புகையிலையைப் புழு கடித்தால் அது நிகோடினைக் கூட்டிக்கொள்கிறது. அப்படியானால் தணலியில் மருந்து அதிகம் இருப்பது மொட்டிலும் தளிரிலும். அதிலும் கல்லாடு வாய்வைத்து விட்டுப்போன புதரில். அனுபவமுள்ள மருத்துவச்சி செழித்து நிற்கும் புதரைத் தொடமாட்டாள். ஒரு பக்கம் கடிபட்டு, முறிந்த கிளையில் பால் உறைந்து நிற்கும் புதரைத்தான் தேடுவாள். தோட்டத்தில் வேலி போட்டு அருமையாக வளர்த்த தணலி பார்க்க அழகாக இருக்கும், வேலைக்கு ஆகாது.

அவள் மருந்து தரும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். தீப்புண்ணோடு ஒரு மேய்ப்பன் படுத்திருக்கிறான். புதிதாக எடுத்த சாற்றில் அவள் ஒரு துரும்பை நனைத்து முதலில் தன் கீழுதட்டில் வைக்கிறாள். மூச்சை எண்ணுகிறாள். ஆறாவது மூச்சில் உதடு மரத்தால் சாறு கடுமையானது, அதில் இரண்டு பங்கு தண்ணீர் சேர்க்க வேண்டும். பதினைந்து ஆனால் அப்படியே கொடுக்கலாம். முப்பது ஆகியும் ஒன்றும் தெரியாவிட்டால் கொட்டிவிட வேண்டியதுதான். இது மூடநம்பிக்கைச் சடங்கு இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஃபாக்ஸ்குளோவிலிருந்து எடுத்த டிஜிட்டாலிஸ் மருந்தின் வீரியத்தை ஆய்வுக்கூடங்கள் தவளைகளிலும் பூனைகளிலும் சோதித்துத்தான் அளந்தன. அவளிடம் தவளை இல்லை, உதடு இருக்கிறது.

அப்புறம் அவள் செய்வதுதான் முக்கியம். சாற்றைப் புண்ணின் மேல் தடவமாட்டாள். புண்ணைச் சுற்றி, தோல் உரியாத ஓரத்தில் மட்டும் தடவுவாள். மரக்கச் செய்யும் மருந்து எதுவானாலும் தோல் போன இடத்தில் விறுவிறுவென்று ரத்தத்தில் ஏறும். நரம்பின் வாசலை அடைக்கிற பொருள் ரத்தத்தில் கலந்தால் முதலில் காதில் ரீங்காரம், நாக்கில் மரப்பு, அப்புறம் வலிப்பு, கடைசியில் இதயம். இன்றைய மருந்துகளுக்கும் இதே ஆபத்து உண்டு. ஒன்றும் தெரியாத ஒருவன் அன்பின் மிகுதியில், துடிக்கிற தம்பியின் புண் முழுக்கத் தணலிச் சாற்றை ஊற்றிவிடுவான். வலி உடனே போய்விடும். தம்பி சிரிக்கக்கூடச் செய்வான். அதற்குப் பிறகு நடப்பதை அவனால் தடுக்க முடியாது.

தயாரிக்கும் முறையிலும் இதே மாதிரி கண்ணி வைக்கலாம். மலேரியாவுக்கு ஒரு மருந்து தேடிக்கொண்டிருந்த சீன விஞ்ஞானி து யோயோவின் குழுவுக்கு, மாசிப்பத்திரியின் உறவுச் செடி ஒன்றிலிருந்து ஒரு நேரம் பலன் கிடைத்தது, ஒரு நேரம் கிடைக்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கே ஹோங் என்ற சீன மருத்துவர் எழுதிவைத்த குறிப்பு அந்தச் செடியைக் காய்ச்சச் சொல்லவில்லை. தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்கச் சொன்னது. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்த அவர், குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் ஈதரைக் கொண்டு சத்தைப் பிரித்தார். 1971-இல் அது வேலை செய்தது. 2015-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. வத்சநாபிக் கிழங்கு இதற்கு நேரெதிர். அதை மணிக்கணக்கில் வேகவைத்தால்தான் கொடிய நஞ்சு சிதைந்து ஓரளவு அடங்கும்.

தணலியில் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு செடியில் ஒரே ஒரு சேர்மம்தான் இருக்க வேண்டும் என்று விதியில்லை. தணலியில் மரக்கச் செய்யும் பொருள் சூட்டில் கெடும். வாந்தியும் நெஞ்சடைப்பும் தரும் இன்னொன்று சூட்டைத் தாங்கும். பச்சைச் சாற்றில் முதல் பொருள் அதிகம் இருப்பதால் இரண்டாவது தெரிவதில்லை. கொதிக்கவைத்த கஷாயத்தில் மிஞ்சுவது இரண்டாவது மட்டுமே. ஆக, உதட்டுச் சோதனையில் ஒன்றுமே தெரியாத, பாதுகாப்பானது போலத் தோன்றும் ஒரு கஷாயம்தான் ஆளைக் கொல்லும். மருத்துவச்சி முப்பது மூச்சுக்கு மேல் போன சாற்றைக் குடத்தோடு கொட்டுவதன் காரணம் அதுதான்.

சந்தைக்குப் போனால்

மருந்து நல்ல மருந்தாக இருந்தால் அது மலையிலேயே இருந்துவிடாது. ஆண்டிஸ் மலையின் சின்கோனா மரப்பட்டை மலேரியாக் காய்ச்சலைத் தணித்தது. 1820-இல் பிரான்சில் பெல்தியே, காவந்து என்ற இருவர் அதிலிருந்து குவினைனைப் பிரித்தெடுத்த பிறகு பேரரசுகளுக்கே அது தேவைப்பட்டது. 1865-இல் பொலிவியாவில் மனுவேல் இன்க்ரா மாமானி என்ற பழங்குடி மனிதர் தேர்ந்தெடுத்துச் சேகரித்த விதைகள் சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வணிகர் மூலம் லண்டன் போயின. பிரிட்டிஷ் அரசு வேண்டாம் என்றது. டச்சுக்காரர்கள் ஒரு பகுதியை வாங்கி ஜாவாவில் விதைத்தார்கள். குவினைன் அளவில் அந்த மரங்களுக்கு நிகர் இல்லை. 1930-களில் உலகக் குவினைனில் 90 சதவீதத்துக்கு மேல் ஜாவாவிலிருந்துதான் வந்தது. 1942-இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் நேச நாட்டுப் படைகள் மலேரியா மருந்துக்குத் திண்டாடின. விதை சேகரித்த மாமானியோ சிறையில் அடைத்து அடிக்கப்பட்டு இறந்துபோனார். ஒரு மரப்பட்டைக்காக இவ்வளவும் நடந்திருக்கும்போது, கற்பனை நாட்டில் மூலிகையை அரசியல் இல்லாமல் எழுதுவது எனக்கு வீணாகத்தான் படுகிறது.

எந்தப் பாகத்தைப் பறிக்கிறார்கள் என்பதை வைத்து அந்தச் செடியின் ஆயுளையே சொல்லிவிடலாம். இலை என்றால் செடி பிழைக்கும். பட்டையோ வேரோ என்றால் செடி போகும். பூ என்றால் செடி இருக்கும், வம்சம் போகும். தணலியில் மருந்து மொட்டில் இருப்பதால் மூன்றாவது வகை. ஒவ்வொரு கூடை மொட்டும் விதையாகாமல் போன ஒரு கூடை. நித்தியகல்யாணியில் புற்றுநோய் மருந்து இருக்கிறது, ஆனால் டன் கணக்கில் காய்ந்த இலையை அரைத்தால் சில கிராம்தான் தேறும். தணலியும் அப்படிக் கஞ்சமான செடி என்றால், ஒரு போருக்கு வேண்டிய மருந்தை எடுக்க ஒரு பள்ளத்தாக்கின் மொட்டு முழுக்கத் தேவைப்படும். பழைய உலகத்தில் சில்ஃபியம் என்ற மூலிகையின் கதை இப்படித்தான் முடிந்தது. இன்றைய லிபியாவில் இருந்த கைரீன் நகரம் நாணயத்திலேயே அந்தச் செடியின் உருவத்தைப் பொறித்திருந்தது. அவ்வளவு வருமானம். அதைப் பயிரிட முடியவில்லை, காட்டில் கிடைத்ததைப் பறித்துக்கொண்டே இருந்தார்கள். தன் காலத்தில் ஒரே ஒரு தண்டு கிடைத்து அது நீரோ மன்னனுக்கு அனுப்பப்பட்டது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார்.

போலி மருந்து வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனி அந்த மறைந்துகொள்ளும் சங்கதி. சீனாவின் ஹெங்துவான் மலைகளில், கற்கள் சரிந்து கிடக்கும் உயரமான இடங்களில் ஃபிரிட்டிலாரியா டெலவாயி என்று ஒரு சிறு செடி வளர்கிறது. அதன் கிழங்கு இருமல் மருந்து. ஒரு கிலோ சேர 3,500-க்கும் மேற்பட்ட கிழங்குகள் வேண்டும், ஆகவே சேகரிப்பவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் தோண்டுவார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத இடங்களில் இதன் இலை பளிச்சென்ற பச்சை. அதிகம் தோண்டப்படும் இடங்களில் இலை பழுப்பாகவோ சாம்பலாகவோ இருக்கிறது. சுற்றிலும் கிடக்கும் கல்லின் நிறத்துக்கு அப்படியே பொருந்துகிறது. குனிந்து பார்த்தாலும் கல் எது, இலை எது என்று சட்டென்று பிடிபடாது. 2020-இல் வெளிவந்த ஆய்வு இதைக் காட்டியது. செடி யோசித்து முடிவெடுக்கவில்லைதான். பச்சையாக இருந்தவை எல்லாம் தோண்டப்பட்டன, கண்ணுக்குத் தப்பியவை விதை போட்டன.

தணலிக்கு இதைவிடப் பொருத்தமான எதிர்காலம் கிடையாது. தலைமுறை தலைமுறையாகத் தணல் நிற மொட்டைப் பறித்த சரிவுகளில், கருகிய மண்ணோடு மண்ணாகச் சாம்பல் நிற மொட்டு விடும் புதர்களே மிஞ்சும். எல்லைக்கு அப்பால், டிராகனுக்குப் பயந்து யாரும் கால்வைக்காத பள்ளத்தாக்கில் மட்டும் பழைய நிறம் இருக்கும். தலைநகரத்து வைத்திய நூல் "தணல் நிற மொட்டு" என்று எழுதிவைத்திருக்கும். அதைப் படித்துவிட்டு மலைக்கு வரும் அரசு வைத்தியர் ஒருவர், சாம்பல் மொட்டுகளுக்கு நடுவிலேயே நின்றுகொண்டு, இங்கே தணலி அழிந்துவிட்டது என்று அறிக்கை அனுப்புவார். மருத்துவச்சிக்கு உண்மை தெரியும். அவள் சொல்லமாட்டாள், ஏன் சொல்ல வேண்டும்?

கடைசியாக டிராகன். தீப்புண்ணுக்கான மருந்து தீ வந்த ஆண்டில் மட்டுமே கிடைக்கிறது என்பது தணலி விஷயத்தில் ஒரு விசித்திரம். வழக்கமான கதையில் நாயகன் டிராகனைக் கொன்றதும் எல்லோருக்கும் விடுதலை. இங்கே அவன் கொன்றால் சரிவு எரியாது, எரியாவிட்டால் மொட்டு இல்லை. அதற்குள் பல் பிடுங்கவும் எலும்பு சேர்க்கவும் பிரசவத்துக்கும் தணலியையே நம்பப் பழகிவிட்ட நாடு அது. தேவை குறையாது. எனவே மனிதர்களே தீ வைப்பார்கள். அது வேலையும் செய்யும். புகையில் இருக்கும் சேர்மத்துக்கு அதை மூட்டியது யார் என்பது பற்றிக் கவலையில்லை.

ஆனால் டிராகன் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வந்தது. வியாபாரி ஒவ்வொரு ஆண்டும் மொட்டு கேட்பான். தீக்கும் தீக்கும் நடுவே இடைவெளி குறைந்தால், தீயில் பிழைக்கப் பழகிய புதர்க்காடுகள்கூட அழிந்துபோகும். இளஞ்செடி விதை போடும் வயதுக்கு வருவதற்குள் அடுத்த தீ வந்துவிடும், மண்ணில் இருக்கும் விதைக் கையிருப்பு தீர்ந்துவிடும், அடிக்கட்டையில் சேர்ந்த சத்தும் வற்றிவிடும். தணலியின் இடைவெளி ஏழு ஆண்டா, பன்னிரண்டா என்பதை எழுதுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். மலைக்காரர்களுக்கு அந்த எண் தெரிந்திருக்கும், வியாபாரிக்குத் தெரிந்திருக்காது. அரசனிடம் இரண்டு தரப்பும் வழக்குக்கு வந்து நிற்கும்போது, அவனுடைய படுக்கையறையிலேயே பல்வலிக்கு ஒரு குப்பி தணலிச் சாறு இருக்கும்.